கற்பித்தல் பயிற்சியின் கடைசி வாரங்கள்: அமெரிக்க வேளாண் ஆசிரியர்களிடம் நாம் கற்க வேண்டியது

ஆசிரியர் பயிற்சி என்றதும் நமக்கு நினைவு வருவது, பி.எட். படிக்கும் பிள்ளை கையில் சார்ட்டும் ரெக்கார்டு நோட்டுமாகப் பள்ளிக்குப் போய் வரும் காட்சிதான். அமெரிக்காவிலும் ஆசிரியராக விரும்புகிறவர் பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் ஒரு பள்ளிக்குச் சென்று பாடம் நடத்திப் பழக வேண்டும். ஆனால் அங்கே வேளாண் ஆசிரியராகப் போகிறவருக்குப் பயிற்சி வகுப்பறையோடு முடிவதில்லை. பசுமைக்குடில், வெல்டிங் பட்டறை, ஆட்டுக் கொட்டகை, மாணவர் வீட்டுத் தோட்டம், மாலை நேரப் போட்டிப் பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய பயிற்சிக் களம்.

பலருக்கு இந்தப் பயிற்சி ஜனவரியில் தொடங்கி, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ முடிகிறது. அதில் கடைசி மூன்று நான்கு வாரங்கள் மிக முக்கியமானவை. வகுப்பைக் கையில் எடுப்பதற்கு ஒரு திறமை வேண்டும். எடுத்த வகுப்பை, வளர்த்த நாற்றை, பழகிய பிள்ளைகளை இன்னொருவர் கையில் குறைவில்லாமல் திருப்பிக் கொடுப்பதற்கு வேறொரு திறமை வேண்டும். இந்த இரண்டாவது திறமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பி.எட். படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் குடும்பங்களுக்கும் இதில் பயனுள்ள செய்தி இருக்கிறது.

வேளாண்மை பள்ளிப் பாடமான வரலாறு

1862ஆம் ஆண்டு அதிபர் ஆபிரகாம் லிங்கன் மாரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேளாண்மையும் இயந்திரத் தொழில்களும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கிய சட்டம் அது. அப்படி உருவான பல்கலைக்கழகங்கள் பலவற்றில்தான் இன்றும் வேளாண் ஆசிரியர்கள் படிக்கிறார்கள்.

பள்ளி அளவில் திருப்பம் வந்தது 1917இல். அதிபர் உட்ரோ வில்சன் காலத்தில் நிறைவேறிய ஸ்மித் ஹியூஸ் சட்டம், உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை கற்பிப்பதற்கும் அதற்கான ஆசிரியர்களை உருவாக்குவதற்கும் மத்திய அரசின் பணத்தை வழங்கியது. அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வேளாண்மை படிக்கும் மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், பள்ளியின் பண்ணையிலோ வேறு பண்ணையிலோ, மேற்பார்வையின் கீழ் நேரடியாக வேலை செய்து பழக வேண்டும்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டன் நகரில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்ற கல்வியாளர் இந்த வழியைச் செய்து காட்டியிருந்தார். மாணவர் பள்ளியில் படித்ததைத் தம் சொந்த வீட்டு நிலத்தில் செய்ய வேண்டும், ஆசிரியர் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முறை. நூறு ஆண்டுகள் கடந்தும் அமெரிக்க வேளாண் ஆசிரியர் மாணவர் வீட்டுக்குப் போவதற்கு இதுவே அடிப்படை.

மூன்று வளையங்கள்

அங்கே வேளாண் கல்வியை ஒன்றோடொன்று பின்னிய மூன்று வளையங்களாக வரைந்து காட்டுவார்கள்.

முதல் வளையம் வகுப்பறையும் ஆய்வகமும். மண், பயிர், கால்நடை, பண்ணை இயந்திரம், கணக்கு, சந்தை ஆகியவை இங்கே பாடங்கள்.

இரண்டாவது, மேற்பார்வையுடன் கூடிய வேளாண் அனுபவம். ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு வேலையை எடுத்துச் செய்கிறார். ஒருவர் நான்கு ஆடு வளர்ப்பார். இன்னொருவர் நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்வார். வேறொருவர் இரண்டு வகை உரங்களை ஒப்பிட்டு ஆய்வு செய்வார். வரவு, செலவு, உழைத்த மணிநேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

மூன்றாவது வளையம் எஃப்.எஃப்.ஏ. என்ற மாணவர் அமைப்பு. 1928இல் மிசூரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில், 18 மாநிலங்களிலிருந்து வந்த 33 மாணவர்களுடன் தொடங்கிய அது, இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. கூட்டம் நடத்துவது, மேடையில் பேசுவது, கால்நடையை மதிப்பிடுவது எனப் பல போட்டிகள் உண்டு. கால்நடை மதிப்பீட்டில் மாணவர் நான்கு கால்நடைகளைப் பார்த்து, சிறந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, ஏன் அப்படி வரிசைப்படுத்தினார் என்று நடுவரிடம் வாய்மொழியாக விளக்க வேண்டும்.

இந்த அமைப்பு எல்லாருக்கும் தொடக்கத்திலேயே திறந்திருக்கவில்லை. இனப் பிரிவினை இருந்த தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனி அமைப்பு இருந்தது. 1965இல்தான் இரண்டும் இணைந்தன. பெண்களுக்குத் தேசிய அளவில் உறுப்பினராகும் உரிமை 1969இல் கிடைத்தது. இன்று வேளாண் ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்களில் பெண்கள் பெரும் பங்கினர்.

இந்த மூன்று வளையங்களையும் ஒரே ஆசிரியர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பல கிராமப் பள்ளிகளில் வேளாண் ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார்.

பொறுப்பு ஏறும் படிகள், இறங்கும் படிகள்

பயிற்சியாளருக்கு இரண்டு வழிகாட்டிகள் உண்டு. ஒருவர், தம் வகுப்பைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கும் பள்ளி ஆசிரியர். மற்றவர், அவ்வப்போது நேரில் வந்து வகுப்பைப் பார்வையிடும் பல்கலைக்கழக மேற்பார்வையாளர்.

முதல் வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது. பிறகு ஒரு வகுப்பு, அடுத்த வாரம் இரண்டு வகுப்பு என்று பொறுப்பு ஏறும். நடுவில் சில வாரங்கள் முழு நேர அட்டவணையும் பயிற்சியாளர் தலையில்தான். கடைசி வாரங்களில் வகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் வழிகாட்டி ஆசிரியரிடம் போகும்.

ஒரே நாளில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் என்ன? பிள்ளைகள்தான் சிரமப்படுவார்கள். பாடம் பாதியில் நிற்கும், மதிப்பெண் போடாத தாள்கள் தேங்கும். புது முறைக்குப் பழகிய மாணவர் பழைய முறைக்கு மாற நேரம் வேண்டும். ஆகவே, தாம் தொடங்கிய பாடப் பகுதியை முடித்து, தேர்வு வைத்து, தாள் திருத்திக் கொடுத்த பிறகே அந்த வகுப்பிலிருந்து விலகுவது நல்ல வழக்கம்.

உயிருள்ளவை நாள்காட்டி பார்ப்பதில்லை

வேளாண் ஆசிரியருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கணிதப் பாடத்தை வெள்ளிக்கிழமை முடித்துவிடலாம். செடியும் ஆடும் அப்படி முடிவதில்லை.

தக்காளி விதையை, நாற்றை வெளியில் நடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு பசுமைக்குடிலில் போடுவார்கள். மே மாதம் இரண்டாம் ஞாயிறு அங்கே அன்னையர் தினம். பல பள்ளிகள் அதையொட்டி நாற்றுகளையும் பூச்செடிகளையும் விற்கும். மார்ச்சில் பயிற்சியாளர் மாணவர்களோடு விதைத்த நாற்று விற்பனைக்கு வரும்போது அவர் அந்தப் பள்ளியில் இல்லாமலே போகலாம். ஓர் ஆடு சினையாக இருக்கும் காலம் சுமார் 150 நாள். அது பயிற்சிக் காலம் முழுவதையும்விட நீளம். ஏப்ரல் கடைசியில் விதைக்கும் மக்காச்சோளத்தின் அறுவடை இலையுதிர் காலத்தில்தான்.

அதனால் பயிற்சியாளர் தொடங்கிவைத்த பலவற்றின் முடிவை அவர் பார்க்க மாட்டார். தொடங்கியவர் போன பிறகும் வேலை கெடாமல் நடக்க வேண்டும் என்றால் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒப்படைப்புக் குறிப்பு சடங்கு அல்ல என்பதற்கு மூன்று உதாரணங்கள் போதும்.

ஒன்று, பசுமைக்குடில். பூச்சிமருந்து தெளித்தால் எத்தனை மணிநேரம் கழித்து உள்ளே போகலாம் என்பது பல மருந்துகளின் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எந்த மருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் தெரியாமல் உள்ளே நுழைவார்கள்.

இரண்டு, கால்நடை. நோய்க்கு ஊசி போட்ட ஆட்டை, அந்த மருந்துக்குக் குறித்த நாள்கள் கழிந்த பிறகே இறைச்சிக்கு அனுப்பலாம். தேதியைக் குறிக்க மறந்தால் மருந்தின் மிச்சம் யாரோ ஒருவர் வீட்டுத் தட்டுக்குப் போகும்.

மூன்று, பட்டறை. வெல்டிங் இயந்திரத்தையோ ரம்பத்தையோ தொடும் முன் மாணவர் பாதுகாப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது வழக்கம். யார் தேறினார், யார் இன்னும் தேறவில்லை என்ற பட்டியல் கைமாறாவிட்டால் பாதிக்கப்படுவது ஒரு பிள்ளையின் கையோ கண்ணோ ஆக இருக்கலாம்.

நாம் அமானிதம் என்று சொல்வோமே, அதுதான் இது. பிள்ளைகளும் பயிரும் கால்நடையும் பயிற்சியாளரிடம் சில வாரங்களுக்கு ஒப்படைக்கப்பட்டவை. பெற்றுக்கொண்டதைக் கணக்கோடு திருப்பித் தருவதில் அவருடைய தகுதி தெரிகிறது.

மாணவர் வீட்டுப் படியேறுதல்

பயிற்சியின் முடிவில் செய்து முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, மாணவர்களின் தனித் திட்டங்களைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போவது. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் தன் ஆட்டுக் கொட்டகையில் நின்று அரைமணி நேரம் பேசுவான். அவன் அப்பாவுக்கு இரண்டு வேலை என்பதும், காலையில் தீவனம் போட்டுவிட்டு வருவதால்தான் முதல் மணிக்குத் தாமதமாகிறான் என்பதும் அங்கேதான் தெரியவரும்.

இதைத் தெரிந்துகொண்ட பயிற்சியாளர் போய்விட்டால் தகவலும் அவரோடு போய்விடக் கூடாது. எந்த மாணவர் என்ன திட்டம் எடுத்திருக்கிறார், பதிவேடு எதுவரை எழுதியிருக்கிறார், எதில் உதவி தேவை என்று ஒவ்வொருவருக்கும் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் வழிகாட்டி ஆசிரியருக்கு அது பெரிய உதவி.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இதில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பன்றி வளர்ப்பும் வேளாண் கல்வியின் ஒரு பகுதி. ஆனால் தனித் திட்டத்தை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். ஆடு, தேனீ, காய்கறி, மண் ஆய்வு என வழிகள் பல. பெற்றோர் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. அப்படிப் பேசி முடித்த ஏற்பாட்டையும் ஒப்படைப்புக் குறிப்பில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அதே விளக்கத்தை அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

நம் பெருநாள்களும் அங்கே வேளாண் சந்தைப் பாடத்துக்குள் வந்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் ஆடு வளர்ப்போருக்கான சந்தை வழிகாட்டியில் பல சமூகங்களின் பண்டிகை நாள்களைத் தருகிறது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அதில் உண்டு. குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம். பெருநாளோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். அப்படியானால் இந்தச் சந்தையை நம்பும் விவசாயி எப்போது கிடாவைச் சேர்க்க வேண்டும்? குறைந்தது பதினேழு மாதம் முன்பு. உயிரியல், கணக்கு, வணிகம் மூன்றும் கலந்த நல்ல பாடம் இது.

களைப்பும் ஒரு முடிவும்

கடைசி வாரங்களில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். எஃப்.எஃப்.ஏ. போட்டிகள், மாநில மாநாடு, ஆண்டு விருந்து, நாற்று விற்பனை பலவும் வசந்த காலத்தில்தான். கூடவே பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகுப்பு, இறுதி மதிப்பீடு, ஆசிரியர் உரிமத்துக்கான தேர்வு, வேலைக்கான நேர்காணல். சில மாநிலங்களில் தாம் பாடம் நடத்துவதைக் காணொளியாகப் பதிவு செய்து, பாடக்குறிப்போடும் மாணவர்களின் விடைத்தாள்களோடும் அனுப்ப வேண்டியும் இருக்கும்.

இந்தக் களைப்பில்தான் பயிற்சியாளர் ஒரு பெரிய முடிவை எடுக்கிறார். ஆசிரியராவதா, வேறு வேலைக்குப் போவதா? வேளாண் பட்டதாரிக்கு விதை நிறுவனம், வங்கி, அரசின் வேளாண் விரிவாக்கப் பணி எனக் கதவுகள் பல திறந்திருக்கின்றன. மறுபக்கம் அமெரிக்காவில் வேளாண் ஆசிரியர் பற்றாக்குறை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஆசிரியர் கிடைக்காத பள்ளியில் அந்தப் பாடமே நின்றுபோகும் நிலை வரலாம். ஆகவே ஒரு பயிற்சியாளர் சோர்ந்து விலகினால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல, ஓர் ஊரின் பிள்ளைகளுக்கும்தான்.

நல்ல வழிகாட்டி ஆசிரியரின் அருமை இங்கே தெரியும். முழு அட்டவணையோடு மாலைப் போட்டிகளும் வார இறுதி நிகழ்ச்சிகளும் சேர்ந்தால் எதை ஏற்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்று அவர் சொல்லித் தருவார். தம் குடும்பத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறார் என்பதை மறைக்காமல் காட்டுவார். "எல்லாவற்றையும் நீயே செய்" என்று தள்ளிவிடும் வழிகாட்டியிடம் பயிற்சியாளர் கற்பது தொழிலை அல்ல, அதை விட்டு ஓடும் எண்ணத்தைத்தான்.

அந்த முடிவை எடுக்கும் முன் பயிற்சியாளர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த வேலை களைப்பைத் தந்தது, எது வெறுப்பைத் தந்தது? தூங்கி எழுந்தால் போகும் களைப்பு வேறு, வகுப்பை நினைத்தாலே வரும் வெறுப்பு வேறு. முதல் மாதம் செய்த தவறுகளைக் கடைசி மாதமும் செய்கிறேனா? எந்த மாணவரையாவது தொடக்கத்தில் தவறாக எடைபோட்டேனா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை எழுதினால், களைப்பை மட்டும் வைத்து முடிவெடுக்கும் அவசரம் குறையும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இந்தியாவில் 2014ஆம் ஆண்டு வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கின. பள்ளிக் களப்பயிற்சிக்கு அதில் மொத்தம் 20 வாரங்கள். இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரங்கள். காலஅளவில் அமெரிக்கப் பயிற்சிக்கு இது குறைந்ததல்ல. அந்த வாரங்களை எப்படிக் கழிக்கிறோம் என்பதே கேள்வி.

தமிழகத்தில் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் ஒரு பாடம். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் இளநிலைப் படிப்பின் இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகும் திட்டமும் உண்டு. ஆகவே களத்தில் கற்பது நமக்குப் புதிதல்ல. முடிக்கும் விதத்தில்தான் நாம் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். பலர் கடைசி வாரத்தை ரெக்கார்டில் கையெழுத்து வாங்கும் வாரமாகவே நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்து, குழுப்படம் எடுத்து விடைபெறுவதோடு முடிந்துவிடுகிறது.

உங்கள் மகளோ மருமகளோ தம்பியோ களப்பயிற்சியின் முடிவில் இருந்தால், எந்தப் பாடமானாலும், இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்.

தொடங்கிய பாடத்தை முடித்து, திருத்திய தாள்களையும் மதிப்பெண்களையும் வகுப்பாசிரியரிடம் கையில் கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியரிடம், "நான் எதில் மாற வேண்டும்?" என்று நேரடியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். விடைபெறும் நாளை மாணவர்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். திடீரென்று காணாமல் போகும் ஆசிரியர் சின்னப் பிள்ளைகளின் மனத்தில் ஏமாற்றத்தை விட்டுச் செல்கிறார்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது. பயிற்சி முடியும் மாதத்தில் கல்யாண வீட்டு வேலை, சமையல் பொறுப்பு, குழந்தை கவனிப்பு எல்லாவற்றையும் பயிற்சிக்குப் போகும் பெண் மீதே ஏற்றாமல் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். "சும்மா டிரெய்னிங்தானே" என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு அது சும்மா அல்ல. அந்த ஆண்டில் அவர்கள் அந்தப் பாடத்தைக் கற்கப்போவது அவரிடம்தான்.